ஃபோகஸ் லைட்டின் கீழ் பவளம் வளருமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி, 45 செ.மீ. நீளம், அகலமும் உயரமும் 30 செ.மீ. கடல் நீர் நிரப்பி இரண்டு மாதம் ஆகிறதாம். இரண்டு கோமாளி மீன்கள் நன்றாக இருக்கின்றன. இனிப் பவளம் வைக்க ஆசை. பவளத்துக்கென்றே விற்கும் லைட்டின் விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டில் 50 வாட் எல்இடி ஃபோகஸ் லைட் ஒன்று சும்மா கிடக்கிறது. "அதை மாற்றி வைத்துக்கொள்ளலாமா அண்ணே? முன்னால் நீலத் தாள் ஒட்டினால் போதுமா? மான்கொம்புப் பவளம் அதில் வளருமா?" என்று மூன்று கேள்விகள்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், தம்பி. அதற்கான பதிலை வைத்துத்தான் எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதே முடிவாகும்.

மான்கொம்புப் பவளம் வேண்டாம். அந்த வகை மட்டுமல்ல, கல்லாக வளரும் கடினப் பவளங்கள் அத்தனையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2001இல் சேர்த்தார்கள். கடல் விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளம் எல்லாம் அதே பட்டியலில் உண்டு. புலி இருக்கும் அட்டவணை அது. ராமேஸ்வரம் பக்கம் போகும்போது கரையில் ஒதுங்கிய செத்த துண்டு தானே என்று பையில் போட்டுக்கொண்டு வருவதும் தப்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடலை 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2010இலும் 2016இலும் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்துப் போயின. நம் வீட்டிலிருந்து ஒரு பொழுதில் போய்ப் பார்த்துவிடக்கூடிய கடல் அது. அதிலிருந்து ஒரு கிளையை ஒடித்து வந்துதான் நம் தொட்டி அழகாக வேண்டும் என்றால் அந்த அழகே வேண்டாம் என்பேன். பாறைக்கும் பவளக்கல் தேடாதீர்கள். செயற்கையாகச் செய்த பாறை கிடைக்கிறது. ஒரு வருடத்தில் அதன்மேல் ஊதாப் பாசி படிந்து, செய்ததா கடலில் இருந்ததா என்று வித்தியாசமே தெரியாமல் போய்விடும்.

நீங்கள் வைக்க வேண்டியது மென்பவளங்கள்: மஷ்ரூம், ஜோவான்திட், லெதர், கிரீன் ஸ்டார் பாலிப். தொட்டியில் வெட்டி வளர்த்ததை, பில் கொடுக்கும் ஆளிடம் வாங்குங்கள். கல் கூடு கட்டாத இந்த உயிர்களுக்கு லைட்டும் குறைவாகவே போதும். இதுதான் உங்களுக்கு நல்ல சேதி.

எவ்வளவு குறைவு? பவளத்துக்கான ஒளியை 'பார்' என்று அளப்பார்கள். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்ற கணக்கு அது. உச்சி வெயில் ஏறத்தாழ 2,000. மான்கொம்பு வகைக்கு 200, 300க்கு மேல் வேண்டும். மஷ்ரூமுக்கும் லெதருக்கும் 50 முதல் 100 போதும், ஜோவான்திட்டுக்கு 150 வரை போகலாம். உங்கள் தொட்டி 30 செ.மீ. ஆழம்தான். மணலும் பாறையும் போக, பவளம் இருக்கப்போவது நீர்மட்டத்திலிருந்து ஒரு சாண் கீழே. இதற்கு 30 வாட் அளவுக்கு நல்ல நீல எல்இடி இருந்தால் தாராளம்.

அடுத்து நீலத் தாள். ஒட்டிப் பயன் இல்லை. தாள் ஒளியை வடிகட்டும், புதிதாக எதையும் சேர்க்காது. வெள்ளை எல்இடி என்பது உண்மையில் 450 நானோமீட்டர் நீலச் சில்லின்மேல் மஞ்சள் பூச்சு பூசியது. நீலத்தில் ஒரு பங்கு அப்படியே வெளியே வரும். மீதியைப் பூச்சு பச்சை, மஞ்சள், சிவப்பாக மாற்றிவிடும். தாள் ஒட்டினால் மாறியதெல்லாம் தாளிலேயே சூடாகப் போய், ஏற்கெனவே இருந்த கொஞ்ச நீலம் மட்டும் தண்ணீருக்கு வரும். மின்சாரம் 50 வாட்டுக்குச் செலவாகும், வெளிச்சம் சிம்னி விளக்கு அளவுக்கு இருக்கும்.

நீலம் ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பீடு, அதாவது ஒற்றை எல்இடி, வாங்கும்போது எது வேண்டும், எது வேண்டாம் என்று நீங்களே தீர்மானிக்க உதவும். பவளத்தின் சதைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து ஆக்குகிற சோற்றில் பெரும்பகுதியைப் பவளம் சாப்பிடுகிறது. கடல் நீர் சிவப்பு ஒளியைச் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடும், நீலம்தான் ஆழம் வரை இறங்கும். அதனால் அந்தப் பாசிகளின் நிறமிகளும் நீலத்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரத்தனம் கொண்டவை. பச்சையம் 'ஏ' 430 நானோமீட்டர் பக்கம், பச்சையம் 'சி' 450 பக்கம், பெரிடினின் என்ற நிறமி 470இலிருந்து பசுநீலம் வரை வாங்கிக்கொள்ளும். பவளத்தின் ஒளிரும் பச்சையும் ஆரஞ்சும் நீல ஒளி பட்டால்தான் கண்ணுக்கு எழும்பி வரும். வெறும் வெள்ளை லைட்டில் மென்பவளம் சாகாது. ஆனால் தவிட்டு நிறமாக இருக்கும், கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி ஏறும். சிவப்பு, பச்சை பீடுகளை வாங்கவே வேண்டாம். உங்களுக்கு வேண்டிய அளவு சிவப்பும் பச்சையும் வெள்ளை பீடிலேயே இருக்கிறது.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். அந்த ஃபோகஸ் லைட்டை மாற்றலாமா? அதன் உடம்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பின்பக்கம் விசிறிபோல் மடிப்பு வைத்த அலுமினிய வார்ப்பு, முன்னால் கெட்டிக் கண்ணாடி, சுற்றி ரப்பர் பட்டை, தொங்கவிட ஒரு வளைவுக் கைப்பிடி. இவை நான்கும் நமக்குப் பொன். உள்ளே இருக்கிற எல்இடியும் மின்சாரப் பகுதியும் தூக்கிப் போட வேண்டியவை.

ஒரு எச்சரிக்கை. இப்போது மலிவாக வருகிற ஃபோகஸ் லைட் பலவற்றில் தனி டிரைவர், அதாவது எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி, கிடையாது. திறந்தால் ஒரே அலுமினியப் பலகை, அதில் புள்ளி புள்ளியாக எல்இடி, ஓரத்தில் இரண்டு மூன்று கறுப்புச் சில்லுகள், 230 வோல்ட் கம்பி நேராகப் பலகைக்கே வந்து சேரும். அந்தப் பலகையில் ஓடுகிற கோடு ஒவ்வொன்றும் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருப்பது. அதை அப்படியே உப்புத் தண்ணீர்மேல் தொங்கவிடுவது உயிருக்கு ஆபத்து. பழைய வகையில் நடுவில் ஒரு மஞ்சள் சதுரச் சில்லும், பின்னால் தனிப் பெட்டியில் டிரைவரும் இருக்கும். உங்களுடையது எந்த வகை என்றாலும் கவலை இல்லை, உள்ளே இருப்பதை முழுக்கக் கழற்றத்தான் போகிறோம்.

என் கணக்கு இதுதான்: தண்ணீருக்கு மேலே 230 வோல்ட் வரவே கூடாது. சுவரோரம், தொட்டியிலிருந்து எட்டத்தில், வீட்டு மின்சாரத்தை டிசியாக மாற்றித் தருகிற 48 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பெட்டி ஒன்று. அங்கிருந்து 48 வோல்ட் டிசி மட்டும் லைட் பக்கம் வரட்டும். மீன்வெல் நிறுவனத்தின் எல்ஆர்எஸ்-75-48 என்பது 1.6 ஆம்பியர் கொடுக்கும், நம் வேலைக்கு ஏராளம். அதற்கும் லைட்டுக்கும் நடுவில் அதே நிறுவனத்தின் எல்டிடி-600எச் டிரைவர் இரண்டு. தீப்பெட்டியைவிடச் சின்னது. 600 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை அப்படியே பிடித்து நிறுத்தும், 52 வோல்ட் வரை கொடுக்கும். மங்கலாக்க ஒரு கம்பியும் உண்டு. ஒன்று நீல வரிசைக்கு, ஒன்று வெள்ளைக்கு. இரண்டையும் தனித்தனியாக ஏற்றி இறக்க முடிவதுதான் இந்த வேலையின் முழு லாபம். இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மிச்சம் பிடிக்க வேண்டியதை ஃபோகஸ் லைட்டின் உடம்பிலேயே பிடித்துவிட்டோம்.

நீல வரிசைக்கு 3 வாட் பீடுகள் 12. அதில் 8 ராயல் ப்ளூ, அதாவது 445 முதல் 455 நானோமீட்டர். 2 சாதா நீலம், 465 முதல் 475. 2 வயலெட், 410 முதல் 420. வெள்ளை வரிசைக்கு 6,500 கெல்வின் பீடுகள் 5. எல்லாம் 20 மி.மீ. நட்சத்திரத் தகட்டில் ஒட்டியதாக வாங்குங்கள், சில்லை மட்டும் வாங்கிவிட்டு அவதிப்பட வேண்டாம். சென்னை போகிறவர்கள் இருந்தால் ரிச்சி தெருவில் கிடைக்கும், இல்லாவிட்டால் ஆன்லைன்தான். ஒரு நீல பீடு ஏறக்குறைய 3.2 வோல்ட் எடுக்கும். 12 பீடு தொடராகப் போனால் 38.4 வோல்ட், 0.6 ஆம்பியரால் பெருக்கினால் 23 வாட். வெள்ளை வரிசை 16 வோல்ட்டுக்குள், 9 வாட் சொச்சம். மொத்தம் 32, 33 வாட். எல்டிடி வோல்ட்டைக் குறைக்க மட்டும் தெரிந்தது, கூட்டத் தெரியாது. அதனால்தான் 48 வோல்ட் எஸ்எம்பிஎஸ். 36 வோல்ட்டில் இந்த வரிசை சரியாக எரியாது.

இனி பட்டறை வேலை. ஃபோகஸ் லைட்டின் உள்ளே நடுவில் ஒரு மேடு இருக்கும், பழைய சில்லு உட்கார்ந்த இடம். பதினேழு பீடுகள் அதன்மேல் அடங்காது. காரைக்குடியிலோ உங்கள் ஊரிலோ அலுமினிய ஜன்னல், கதவு செய்கிற பட்டறையில் 3 மி.மீ. தகட்டுத் துண்டு கேளுங்கள், 150க்கு 110 மி.மீ. போதும். அதில் 28 மி.மீ. இடைவெளியில் ஐந்துக்கு நான்காகக் கட்டம் போட்டால் 20 இடம் வரும். மூன்று மூலைகளைக் காலியாக விட்டுவிடலாம். வெள்ளையை ஒரு பக்கமாகக் குவிக்காதீர்கள், நீலத்துக்கு நடுவே பரவலாகத் தூவுங்கள். குவித்தால் பாறையில் ஒரு பக்கம் மஞ்சளும் ஒரு பக்கம் ஊதாவுமாக நிழல் தெரியும். தகட்டில் 2.5 மி.மீ. துளை போட்டு எம்3 மரை வெட்டி, நைலான் வாஷரோடு பீடுகளை முடுக்குங்கள். அடியில் சூடு கடத்தும் தெர்மல் பேஸ்ட் மெல்லிசாக, கண்ணாடியில் விபூதி இழுகினாற்போல் இருந்தால் போதும். தோசை மாவு ஊற்றுவதுபோல் ஊற்றினால் சூடு கடத்தாது. தகட்டுக்கும் மேட்டுக்கும் நடுவிலும் அதே பேஸ்ட், நாலு திருகு.

ஈயம் பற்றவைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பீடைத் தகட்டில் முடுக்கிவிட்டால் தகடு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், 25 வாட் பற்றுக்கோலில் ஈயம் உருகாமல் உருண்டையாக நிற்கும். அதனால் முதலில் மரப்பலகைமேல் வைத்து ஒவ்வொரு பீடின் இரண்டு முனைகளிலும் ஈயம் பூசிவிடுங்கள். அப்புறம் தகட்டில் முடுக்கி, 60 வாட் பற்றுக்கோலால் கம்பி இணையுங்கள். ஒன்றின் கூட்டல் முனை அடுத்ததன் கழித்தல் முனைக்கு, மாலை கோத்தாற்போல். கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டிக்குள் விடாதீர்கள், அது ஈயம்.

முடிந்ததும் கரண்ட் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஒரு முள் தகட்டில், மற்றொரு முள் ஒவ்வொரு பீடின் முனையிலும். எங்கேயும் தொடர்பு காட்டக்கூடாது. ஒரு இடத்தில் 'பீப்' அடித்தாலும் அந்த பீடைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் திருகின் தலை ஈயத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. பீடு ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு பென்சில் பேட்டரி போதும், 3 வோல்ட்டில் மினுக்கென்று எரியும். இன்னொன்று: எஸ்எம்பிஎஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்இடி வரிசையை எல்டிடியில் சொருகாதீர்கள். அதில் ஏறி நிற்கும் வோல்ட் முழுவதும் ஒரே அடியாக இறங்கி பீடைக் கருக்கிவிடும். முதலில் இணைப்பு, பிறகுதான் ஸ்விட்ச். எல்டிடியின் வெளிவரும் கழித்தல் கம்பியை உள்வரும் கழித்தல் கம்பியோடு சேர்த்துவிடவும் கூடாது. காரில் வயரிங் செய்து பழகியவர்கள் கறுப்பையெல்லாம் ஒன்றாகக் கட்டுகிற வழக்கத்தில் இதைச் செய்துவிடுகிறார்கள்.

மங்கலாக்கும் கம்பிக்கு, நிரல் எழுதி ஓட்டுகிற சின்னப் பலகையான ஆர்டுயினோ நானோவும் நேரம் காட்டும் டிஎஸ்3231 பலகையும் வைத்தால் விடியலும் அந்தியும் தானாக வரும். அதன் சாதாரண 490 ஹெர்ட்ஸ் துடிப்பே எல்டிடிக்குப் பொருந்தும். நிரல் எழுத வராது என்றால் குமிழ் வைத்த சின்ன பிடபிள்யூஎம் (அதே துடிப்பை உண்டாக்கும்) பலகைகள் இரண்டு, பழைய போன் சார்ஜர் ஒன்று, ஒரு டைமர் போதும். எதை வைத்தாலும் அந்தக் கம்பியைச் சொருகி விடாமல் ஈயம் வைத்தே இணையுங்கள். அது கழன்றால் எல்டிடி அணையாது, முழு வெளிச்சத்துக்குப் போய்விடும். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் இது நடந்தால் திரும்பி வரும்போது பவளம் வெளுத்திருக்கும்.

மூடுகிற வேலை. லென்ஸ் வேண்டாம். உங்கள் தொட்டியின் ஆழத்துக்கு பீடின் இயல்பான 120 பாகை விரிவே நல்லது. 60 பாகை லென்ஸ் போட்டால் நடுவில் ஒரு இடம் வெந்து, ஓரங்கள் இருண்டு கிடக்கும். முன் கண்ணாடியைக் கண்டிப்பாகத் திரும்ப மாட்டுங்கள். ஒளியில் கொஞ்சம் குறையும், போகட்டும், உப்புச் சாரலைத் தடுக்கிறதே. சுற்றிலும் சிலிகான் பூசுவதாக இருந்தால் 'நியூட்ரல் க்யூர்' என்று போட்டிருப்பதை வாங்குங்கள். தொட்டி ஒட்டுகிற, காடி வாடை அடிக்கிற சிலிகான் இதற்கு ஆகாது. நான் செய்த முதல் லைட்டில் அந்தத் தப்பைத்தான் செய்தேன். தொட்டிக்கு வாங்கியது பாதிக் குழாய் மிச்சம் இருந்தது, அதையே பூசி மூடிவிட்டேன். மூடிய பெட்டிக்குள் அதன் ஆவி சிக்கிக்கொண்டு, நாலு மாதத்தில் பீடுகளின் முகமெல்லாம் பழுப்பேறி, ஈயம் வைத்த இடமெல்லாம் பச்சை பூத்துவிட்டது. 17 பீடுகளையும் மாற்றினேன். பூசிய பிறகும் இரண்டு நாள் திறந்து காயவிட்டு மூடுங்கள்.

உப்பு சாமானியமான எதிரி இல்லை. உப்பு உலோகத்தை எப்படித் தின்கிறது என்று ஆராய, நம் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் கடலோரத்திலேயே ஒரு நிலையம் வைத்திருக்கிறது. இரண்டு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டமானது கரையும். அலுமினியமும் பித்தளையும் சேர்ந்தால் அலுமினியம் கரையும். எனவே வெளித் திருகுகள் 316 வகை ஸ்டெயின்லெஸ், அவற்றுக்கும் கொஞ்சம் கிரீஸ். வாரம் ஒரு தரம் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் லைட்டைத் துடையுங்கள், ஸ்விட்சை அணைத்துவிட்டு.

பித்தளை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய பித்தளை ஊஞ்சல் சங்கிலி பார்த்திருப்பீர்கள். என் உறவுக்காரர் ஒருவர் அதில் ஒரு துண்டு வாங்கித் தொட்டிக்கு மேல் லைட்டைத் தொங்கவிட்டார். பார்க்க அவ்வளவு லட்சணம். பித்தளையில் பெரும்பங்கு செம்பு. உப்புச் சாரல் பட்டுப் பச்சைக் களிம்பு ஏறி, அது சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் இறங்கினால் மீன் தாங்கிவிடலாம், இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு நஞ்சு. அவருக்கு முதலில் இறால் போயிற்று, அடுத்து ஜோவான்திட் மூடியது திறக்கவே இல்லை. தண்ணீருக்கு நேர்மேலே செம்பு, பித்தளை, வெண்கலம் எதுவும் வேண்டாம். தொட்டிக்குப் பின்னால் நிற்கும் ஒரு தாங்கியிலிருந்து ஸ்டெயின்லெஸ் கம்பியில் தொங்கவிடுங்கள். ஒரு கம்பி அறுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்படி இரண்டு தனித்தனிப் பிடிப்பு வேண்டும்.

மின்சாரம் பற்றி இன்னும் முடிக்கவில்லை. நம் பழைய வீடுகளில் மரப்பட்டை வயரிங், இரண்டு முனை பிளக், எர்த் என்ற பேச்சே இல்லை. அப்படிப்பட்ட போர்டில் கடல் நீர்த் தொட்டியை மாட்டவே கூடாது. எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த ஒரு பாயிண்டுக்காவது சரியான எர்த் இழுத்து, மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ் உடம்புக்கும் லைட்டின் அலுமினிய உடம்புக்கும் அந்த எர்த் போக வேண்டும். போர்டுக்குப் போகிற ஒயர் ஒவ்வொன்றும் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும், ஒயர் வழியாக ஒழுகும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். லைட் செய்வதற்கு முன் இதைச் செய்யுங்கள். பம்புக்கும் ஹீட்டருக்கும் இப்போதே இது தேவைதான்.

தொட்டி எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. வளவு ஓரம் பத்தியில், அதாவது முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், வைத்திருந்தால் ஒன்று கவனியுங்கள். சித்திரையில் வெயில் தலைக்கு நேரே முற்றத்தில் விழும், தொட்டிக்கு வராது. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது வடக்குப் பத்திக்குள் வெயில் நன்றாக நுழையும். ஆறு மாதம் ஒழுங்காக இருந்த தொட்டி திடீரென்று பாசி பிடித்ததென்றால் லைட்டைக் குறை சொல்லாமல் வெயிலைப் பாருங்கள். இரண்டாங்கட்டில் நிழலான சுவரோரம் நல்ல இடம். அடியில் ஓரம் மடித்த தட்டு ஒன்று வையுங்கள், ஆத்தங்குடித் தரைக்கல்லில் உப்புத் தண்ணீர் ஊறினால் வெள்ளையாகப் பூத்து நிற்கும், பளபளப்பு திரும்ப வராது.

சூடு. ஒரு மணி நேரம் முழு வெளிச்சத்தில் ஓடவிட்டு லைட்டின் முதுகில் விரல் வையுங்கள். ஐந்து எண்ணும் வரை வைத்திருக்க முடிந்தால் சரி. முடியவில்லை என்றால் 12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறி ஒன்றை 9 வோல்ட்டில் ஓடவிட்டு முதுகில் மாட்டுங்கள், சத்தமும் இருக்காது. லைட்டைவிடத் தண்ணீர்தான் எனக்குக் கவலை. பவளத்துக்கு 25, 26 பாகை சுகம், 30 தாண்டினால் உள்ளே இருக்கும் பாசி வெளியேறத் தொடங்கும். நம் ஊர்ச் சித்திரையில் வெளியே 38, 40. சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த கூரையும் கொஞ்சம் காப்பாற்றும், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள புது வீடு என்றால் அதுவும் இல்லை. நீர்ப்பரப்பின்மேல் சாய்வாக ஒரு விசிறி வைத்தால் நீர் ஆவியாகி இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆவியான அளவுக்குத் தினமும் நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டும், உப்புத் தண்ணீர் இல்லை, உப்பு ஆவியாகாது. சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனித்தாலும் தொட்டிக்கு ஆர்ஓ தண்ணீர்தான். கோடையில் தண்ணீர் 29ஐத் தொடுகிற நாட்களில் வெள்ளை வரிசையை அணைத்துவிட்டு நீலத்தைப் பாதியாகக் குறையுங்கள். சூடும் அதிக ஒளியும் சேர்ந்துதான் பவளத்தை வெளுக்க வைக்கும், இரண்டில் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. மின்வெட்டுக்காக லைட்டை இன்வெர்ட்டரில் சேர்க்க வேண்டாம், இரண்டு நாள் இருட்டைப் பவளம் தாங்கும். பம்பை மட்டும் சேருங்கள்.

கடைசியாக, எரியவிடும் முறை. இதில்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள், நானும் ஒருமுறை தோற்றேன். கஷ்டப்பட்டுச் செய்த லைட், எவ்வளவு வெளிச்சம் வருகிறது பார்ப்போம் என்று முழுதாக ஏற்றிவிட்டேன். நல்ல வளர்த்தியான லெதர் பவளம் நாலே நாளில் வெளுத்துச் சுருங்கியது, தேற மூன்று மாதம் ஆயிற்று. அளவுக்கு மீறி ஒளி விழுந்தால் உள்ளே இருக்கும் பாசி நச்சு ஆக்சிஜனை உண்டாக்கும். பவளம் வேறு வழியில்லாமல் அதை வெளியே தள்ளிவிடும். நீங்கள் நீர்ப்பரப்பிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் லைட்டைக் கட்டி, நீலம் 30 சதவீதம், வெள்ளை 10 சதவீதம், தினம் 6 மணி நேரம் என்று ஆரம்பியுங்கள். வாரம் 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். நீலம் 60, வெள்ளை 20, எட்டு மணி நேரம் வந்ததும் நிறுத்திவிட்டு ஒரு மாதம் பாருங்கள். கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். நம் கண் பச்சையைத்தான் நன்றாக வாங்கும், ஆழ்நீலத்தை வாங்காது. போனில் இருக்கிற, வெளிச்சம் அளக்கும் லக்ஸ் ஆப்பும் அதே கண்ணை வைத்துச் செய்ததுதான், நீல லைட்டில் அது சொல்லும் எண்ணை நம்பாதீர்கள். பார் மீட்டர் வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் ஒரு நாள் இரவல் கேளுங்கள், சொந்தமாக வாங்கும் விலை இல்லை அது.

மீட்டர் இல்லாவிட்டாலும் பவளமே சொல்லும். ஜோவான்திட்டின் தண்டு கழுத்தை நீட்டுவதுபோல் உயர்ந்துகொண்டே போனால் ஒளி பற்றவில்லை. மஷ்ரூம் தட்டுபோல் அகலமாக விரிந்து கிடந்தாலும் அதேதான். ஓரம் சுருட்டிக்கொண்டு சின்னதானால் அதிகம். நிறம் நாளுக்கு நாள் வெளிறினால் உடனே பாதியாகக் குறையுங்கள், ஒரு வாரம் பொறுக்க வேண்டாம். லெதர் பவளம் மட்டும் ஏமாற்றும். மாதத்துக்கு ஒருமுறை சில நாட்கள் மூடிக்கொண்டு, மெழுகுத் தாள்போல் ஒரு தோலை உரிக்கும். அது நோயும் இல்லை, லைட் தப்பும் இல்லை, விட்டுவிடுங்கள்.

பீடு வாங்கும்போது ராயல் ப்ளூவில் இரண்டும் வயலெட்டில் இரண்டும் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொடர் வரிசையில் ஒன்று போனால் அந்த வரிசையே அணைந்துவிடும். மலிவு பீடுகளில் வயலெட்தான் முதலில் போகும். எஸ்எம்பிஎஸ்ஸை அணைத்து, கண்ணாடியைக் கழற்றி, அதே இரண்டு பென்சில் பேட்டரியை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எரியாததுதான் செத்தது.